மிச்ச இலைக் கணக்கு

குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்தாறு. ஆசிரமம் தாராபுரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படி முடியும் இடத்தில் ஒரு சிமெண்டுத் தளம் தாழ்ந்து நிற்கும். முதல் தடவை வருகிறவர்கள் அதில் தலையை இடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைவார்கள்.

குருவின் பெயர் கோகிலவாணி. சின்னக் கடைக்காரர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் கணக்கு எழுதி, வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவர். ஊர் அவரை ஆடிட்டரம்மா என்றது. "நான் ஆடிட்டர் இல்லீங்க, கணக்கு எழுதறவ" என்று ஆறு வருசம் திருத்திப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

சீடர் வெள்ளியங்கிரி, கல்யாணச் சமையல்காரர். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் கல்யாண வீட்டுக்காரர்கள் வாங்கிப் போட்டுவிடுவார்கள். இவர் எட்டு ஆட்களோடு பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சமைத்துப் போடுவார். மொத்தக் கூலி இவர் கைக்கு வரும். அதை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்பார். ஊர் இவரை மாஸ்டர் என்றது. அதை இவர் திருத்தவே இல்லை.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வெள்ளியங்கிரி அந்தப் படியேறினார். தலையை இடித்துக்கொண்டார்.

"வேன் வாங்கோணும் மேடம்," என்றார், நெற்றியைத் தடவியபடி.

"வாங்குங்க."

"பாங்க்குல லோன் தர்றேங்கறாங்க. போன வருசத்துக் கணக்கும் ரிட்டர்னும் கேக்கறாங்க."

"குடுங்க."

"அதுதானுங்களே இல்லை."

வேன் ஆசை சும்மா வந்ததல்ல. வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் பேசி வைத்திருந்த வாடகை வேன், இருநூறு ரூபாய் கூடக் கிடைத்ததென்று வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டது. பாத்திரங்கள் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தன. மாப்பிள்ளை வீட்டார் காலையில் ஹோட்டல் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். முப்பது வருசத்தில் வெள்ளியங்கிரி கால்வைத்த மண்டபத்தில் ஹோட்டல் பொட்டலம் பிரிந்தது அன்றைக்குத்தான். ஒரு வாரம் அவர் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வருகிற ஆவணியில் பதினொரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருந்தார். அதற்குள் சொந்த வேன் வந்தாக வேண்டும்.

"வருசத்துக்கு எவ்வளவு வருது மாஸ்டர்?"

வெள்ளியங்கிரி வாசலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஒம்பது, பத்து லட்சம் வருமுங்க. வெளிய சொல்லிப்போடாதீங்க."

"அதுல உங்ககிட்ட எவ்வளவு நிக்குது?"

"நிக்கறதாவது! வந்த கையோட போயிருதுங்க. இதுல வரி வேற கட்டினா, வந்ததுல மூணுல ஒரு பங்கு போயிருமுன்னு டீக்கடையில பேசிக்கறாங்க. அப்புறம் ஆளுங்களுக்குக் கூலி எதுலீங்க குடுக்கறது? அந்தப் பயத்துலதான் இத்தன வருசமா இந்தப் படியே ஏறலை."

கோகிலவாணி கம்ப்யூட்டரைத் தள்ளி வைத்தார்.

"மாஸ்டர், அறுநூறு இலை எடுத்துட்டுப் போறீங்க. பந்தி முடிஞ்சதும் எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

"மிச்ச இலையை எண்ணுவமுங்க. அறுநூறுல அதைக் கழிச்சா, சாப்பிட்டவங்க. பொண்ணு வீட்டுல ஒருத்தரை நிறுத்தி, அவர் கண்ணு முன்னாலயே எண்ணி எழுதிக் குடுத்துருவேன். எம்பட எலைக் கணக்கு ஒண்ணு கூடுனதுமில்லை, கொறைஞ்சதுமில்லை."

"சாப்பிட்ட இலை என்ன ஆச்சு?"

"அது மாட்டுக்குப் போயிருச்சுங்க."

"அதைத் திரும்பக் கொண்டான்னு யாராவது கேப்பாங்களா?"

"எச்சலையை எவனுங்க கேப்பான்?"

"சர்க்காரும் கேக்காது."

மின்விசிறி கடகடவென்று சுற்றியது. வெள்ளியங்கிரி விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார்.

"அப்ப ஆளுங்களுக்குக் குடுத்த கூலி, வேன் வாடகை..."

"சாப்பிட்ட இலை."

"மிச்சத்துக்குத்தானுங்களா வரி?"

"மிச்சத்துக்குத்தான். அதுவும் ஒரு அளவுக்கு மேல மிச்சம் இருந்தா."

வெள்ளியங்கிரி தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கீழே ஜெராக்ஸ் கடையில் யாரோ நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். "இருவது வருசம்! இல்லாத பேய்க்குப் பயந்துட்டு இருவது வருசமா சுத்திப் போயிட்டு இருந்திருக்கறனே!"

"சந்தோசம். ஆனா மிச்சத்தை எண்ணோணுமே. உங்க கணக்கு எங்க?"

அவர் முகம் சுருங்கியது. "அதுதானுங்க நமக்கு ஆகாது. எழுதி வெக்கற பழக்கமே கெடையாது. பில்லுன்னு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது."

அப்போது அவர் சட்டைப் பையில் ஒரு கல்யாணப் பத்திரிகை மடித்துச் செருகியிருந்தது. மூலையில் மஞ்சள் தடவியது. அதன் பின்பக்கத்தில் பேனாவால் நெருக்கி எழுதியிருந்தது.

"அது என்ன மாஸ்டர்?"

"இதுங்களா? நேத்து மூலனூர்ல நடந்த கல்யாணத்துப் பத்திரிகை."

"பின்னால?"

"ஆளுங்களுக்குக் கூலி பிரிக்கோணுமில்லீங்க. அதுக்குக் கிறுக்கினது."

கோகிலவாணி வாங்கிப் பார்த்தார். வந்தது, மொத்தம் பன்னிரண்டாயிரம். தண்டபாணி ஆயிரத்து இருநூறு. பழனாத்தாள் எண்ணூறு. இப்படி எட்டுப் பேர். வேன் ஆயிரத்து எண்ணூறு. கரண்டி ஒன்று உடைந்தது, நூற்று நாற்பது.

"எல்லாக் கல்யாணத்துக்கும் இப்படி எழுதுவீங்களா?"

"ஆமாங்க. ஆர்டர் குடுக்க வர்றவங்க ஆளுக்கொரு பத்திரிகை வெச்சுட்டுப் போவாங்க. பின்னால எடம் சும்மாதான கெடக்குது."

"எழுதி முடிச்சதும் தூக்கிப் போட்டுருவீங்களா?"

வெள்ளியங்கிரி பதறிப்போனார். "என்னங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? முன்னால புள்ளையார் படம் போட்டிருக்குதுங்க. முருகர் போட்டிருக்குது. அதை எப்படிங்க குப்பையில போடறது? எல்லாம் மூட்டை கட்டி அட்டாலி மேல வெச்சிருக்கறேன். அதுக்கும் கணக்குக்கும் என்னங்க சம்பந்தம்?"

கோகிலவாணி நாற்காலியிலிருந்து எழுந்து அந்தப் பத்திரிகையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"மூட்டையைக் கொண்டாங்க மாஸ்டர்."

மூட்டை மறுநாள் வந்தது. அது தளத்தில் இடிக்கவில்லை, மாஸ்டர்தான் இடித்துக்கொண்டார். அவிழ்த்ததும் மாடி முழுக்க மஞ்சள் வாசம்.

மூன்று நாள் வெள்ளியங்கிரி அந்தத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போன வருசத்துப் பத்திரிகைகளைப் பொறுக்கினார். முன்பக்கம் தேதியும் ஊரும் பெயரும். பின்பக்கம் வரவும் செலவும். கோகிலவாணி பதினைந்து வருசமாக எத்தனையோ பேருடைய வவுச்சர் பார்த்திருக்கிறார். பிள்ளையார் சுழி போட்டு, இரு வீட்டார் அழைப்போடு, இவ்வளவு ஒழுங்கான வவுச்சர் பார்த்ததில்லை.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. ஒவ்வொரு பத்திரிகைக்கும் மாஸ்டரிடம் ஒரு கதை இருந்தது. இந்த மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டு நேராகச் சமையல்கட்டுக்கு வந்து இரண்டு ஒப்புட்டுப் போளி கேட்டான். இந்தப் பெண்ணுக்கு இப்போது இரட்டைக் குழந்தை. இந்தக் கல்யாணத்தில் சம்பந்திகள் பேசிக்கொள்ளவில்லை, ரசம் வந்ததும் பேசிக்கொண்டார்கள். ரிட்டர்ன் போட வந்து காத்திருந்த இரும்புக்கடைக்காரர் பொன்னுசாமி தன் வேலை முடிந்த பிறகும் போகாமல் கதை கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மகளுக்கும் ஆவணியில்தான் கல்யாணம். போகும்போது அந்தச் சமையலையும் மாஸ்டரிடமே பேசி முடித்துவிட்டுப் போனார். பதினொன்று பன்னிரண்டு ஆனது.

பங்குனி வந்ததும் மாஸ்டர் குழம்பினார். பங்குனிப் பத்திரிகைகளில் பாதியைக் கோகிலவாணி தனியாக எடுத்து வைத்தார்.

"ஏனுங்க, இதெல்லாம் போன பங்குனிதானுங்களே?"

"மார்ச்சு முப்பத்தொண்ணோட சர்க்கார் வருசம் முடிஞ்சுது. அதுக்கு மேல அடுத்த வருசம்."

"பங்குனிய நடுவுல அறுத்தா வெச்சிருக்கறாங்க? நல்ல நாள் பாக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தருகூட அங்க இல்லீங்களா?"

இரண்டாம் நாள் மாலை, ஐம்பதாவது பத்திரிகையில் அவருக்கு முதுகு வலித்தது. அப்போதுதான் கோகிலவாணி ஒரு விசயத்தைச் சொன்னார். சின்னத் தொழில்காரர்கள் கணக்கே எழுதாமல், வந்த பணத்தில் இவ்வளவு பங்கு மிச்சம் என்று குத்துமதிப்பாகக் காட்டவும் சட்டத்தில் வழி இருக்கிறது என்றார்.

வெள்ளியங்கிரிக்குக் கோபமே வந்துவிட்டது. "அப்ப இத்தன பாடு எதுக்குங்க?"

"நீங்க உப்பு எப்படிப் போடுவீங்க?"

"குத்துமதிப்பாத்தான்."

"போட்டுட்டு?"

"ருசி பாப்பேன்."

கோகிலவாணி அடுத்த பத்திரிகையைக் கையில் எடுத்தார். மாஸ்டர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "தண்டபாணி ஆயிரத்து எரநூறு," என்று வாசிக்கத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் கூட்டி முடிந்தது. எண்பத்திரண்டு கல்யாணம். வந்தது ஒன்பது லட்சத்து எண்பத்து நாலாயிரம். போனது ஏழு லட்சத்து எண்பத்தெட்டாயிரம். மிச்சம் ஒரு லட்சத்துத் தொண்ணூற்று ஆறாயிரம்.

"இதுக்கு வரி எவ்வளவுங்க?" வெள்ளியங்கிரி மடியில் கட்டி வந்திருந்த பணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும்னா?"

"ஒரு ரூவா கூட இல்லை."

சந்தோசப்படுவார் என்று பார்த்தால் மனிதர் வாடிப்போனார். இருபது வருசம் பயந்ததற்கு ஒரு நூறு ரூபாயாவது கேட்டிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வாட்டம் வேறு கவலையாக மாறியது.

"அம்மிணி," என்றார். மேடம் எப்போது அம்மிணி ஆனார் என்று இருவரும் கவனிக்கவில்லை. "ரெண்டு லட்சம் கூட இல்லையே. இதைப் பாத்துட்டு பாங்க்காரங்க லோன் தருவாங்களா? ஒண்ணு பண்ணுங்க. சர்க்காருக்கு இது இருக்கட்டும். பாங்க்குக்கு மட்டும் ஒரு நாலஞ்சு லட்சம்னு தூக்கிப் போட்டு இன்னொரு கணக்கு எழுதுங்க. எல்லாரும் அப்படித்தானுங்களே பண்றாங்க."

"மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு சாம்பார், பொண்ணு வீட்டுக்கு ஒரு சாம்பார்னு வெப்பீங்களா மாஸ்டர்?"

"அதெப்படிங்க? ஒரே பந்தியில உக்காந்திருப்பாங்களே. பக்கத்து இலையைப் பாத்தா மானம் போயிருமே."

சொல்லி முடித்ததும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஒரு கல்யாணத்துக்கு உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று கோகிலவாணி கேட்டார்.

"வீட்டுக்குப் போயி லிஸ்ட்டுப் போட ஒரு நாள். மண்டபத்து அடுப்பு, தண்ணி பாக்க ஒரு நாள். சமையல் ஒண்ணரை நாள் ஆயிரும். வருசத்துல எரநூத்தி எம்பது நாளு இதேதானுங்க."

கோகிலவாணி கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினார். மிச்சத்தை நாட்களால் வகுக்கச் சொன்னார். பெரிய விரலால் அவர் ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். எழுநூறு என்று வந்தது.

"நாளுக்கு எழுநூறுங்களா? யாருக்கு?"

"உங்களுக்கு."

"ஒரே நாளு வந்து வெங்காயம் உரிக்கற பழனாத்தாளுக்கே எண்ணூறு குடுக்கறேன்!"

அவர் சிரித்தார். வயிறு குலுங்கக் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது, நீர் நிற்கவில்லை. துண்டால் துடைத்துக்கொண்டார். கோகிலவாணி ஜன்னல் பக்கம் திரும்பி ஃபைல் தேடுவதுபோல் நின்றார்.

பிறகு குரு பேசினார். "ஒரு வேலை சொல்றேன். எண்பத்திரண்டு பத்திரிகையிலயும் பின்னால எல்லாப் பேரும் இருக்குது. உங்க பேரு ஒண்ணுலயும் இல்லை. இனிமே முதல் பேரா உங்க பேரை எழுதுங்க."

"எழுதிப்போட்டு, எதிர எவ்வளவுன்னு போடறது?"

குரு ரிட்டர்னைப் போட்டு, கணக்கை அச்சடித்து, கையில் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த புதன்கிழமை படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. டங் என்று இன்னொரு சத்தமும் கேட்டது. வெள்ளியங்கிரி தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே வந்தார்.

"அம்மிணி, பாங்க் ஆபீசர் கணக்கை மேல இருந்து படிச்சுட்டே வந்தாருங்க. மிச்சத்தைப் பாத்து ஒதட்டைப் பிதுக்குனாரு. சரி, போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு வரியில விரலை வெச்சுட்டாரு. வேன் வாடகைன்னு இருந்துதுங்களே, அதுல."

"ஒரு லட்சத்து நாப்பத்தேழாயிரத்து அறுநூறு."

"அதேதானுங்க! மாசத்துக்குப் பன்னண்டாயிரத்து முந்நூறு ஏற்கெனவே கட்டிட்டுத்தான இருக்கறீங்க, எங்க தவணை ஒம்பதாயிரத்து நானூறுதானேன்னாரு. இத்தன வருசமா அடுத்தவன் வேனுக்குத் தவணை கட்டிட்டு இருந்திருக்கறேன்! லோன் தர்றேன்னுட்டாருங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாலஞ்சு லட்சம்னு தூக்கிப் போட்டிருந்தா, செலவைக் கொறைக்க அந்த வாடகையத்தான மொதல்ல வெட்டியிருப்போம். இல்லீங்களா?"

"உக்காருங்க, டீ சொல்றேன்," என்றார் குரு.

வேன் ஆடி கடைசியில் வந்தது. வெள்ளை வேன். கதவில் பெயர் எழுத ஆள் வந்தபோது மாஸ்டர் பழக்கதோசத்தில் சாமி பெயரை மட்டும் எழுதச் சொன்னார். தண்டபாணிதான் சண்டை போட்டு, கீழே சின்னதாக வெள்ளியங்கிரி என்றும் எழுத வைத்தார்.

ஆவணி முதல் முகூர்த்தம் இரும்புக்கடைப் பொன்னுசாமி மகளுக்கு. கோகிலவாணிக்கும் அழைப்பு இருந்தது. பாத்திரங்கள் அரை மணி நேரம் முன்னாலேயே மண்டபத்தில் இறங்கிவிட்டன. காலைப் பந்தியில் சுடச்சுட இட்லி. மதியம் ஒப்புட்டை மட்டும் மூன்று தடவை மறுபடி கேட்டு வாங்கினார்கள். மாஸ்டர் வியர்வையும் சிரிப்புமாகப் பந்திக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

கோகிலவாணி கடைசிப் பந்திக்குத்தான் வந்தார். அவரோடு தண்டபாணி, பழனாத்தாள், மற்ற ஆட்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் இலை போடுவது வெள்ளியங்கிரியின் வழக்கம். பரிமாறுவது அவரே.

"நீங்க எப்ப சாப்பிடுவீங்க மாஸ்டர்?"

"சமைச்சவனுக்குப் பசிக்காதுங்க. வாசத்துலயே நெறஞ்சுரும். ஒரு டம்ளர் மோர் குடிச்சாப் போதும். முப்பது வருசமா அப்படித்தான்."

பரிமாறிவிட்டு, பொன்னுசாமியைப் பக்கத்தில் நிறுத்தி மிச்ச இலையை எண்ணினார். எடுத்தது அறுநூறு. மிச்சம் அறுபத்திரண்டு. பேனாவைத் தேடிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்துப் பின்பக்கம் திருப்பினார். எழுதப்போனவர் நின்று, அதைக் கோகிலவாணியிடம் கொண்டுவந்து காட்டினார்.

முதல் வரியில் வெள்ளியங்கிரி என்று எழுதியிருந்தது. எழுத்து மற்றவர்கள் பெயரைவிடக் கொஞ்சம் சின்னதாக இருந்தது. எதிரே காலி.

"நீங்க சொன்னபடி பேரு எழுதிட்டேன் அம்மிணி. காத்தாலையில இருந்து நாலு தடவ பேனாவை எடுத்துட்டேன். கை வர மாட்டேங்குது. எல்லாத்துக்கும் அளவு தெரியும். இதுக்கு மட்டும் எவ்வளவு போடறதுன்னு தெரியலீங்க."

கோகிலவாணி சாப்பிடாமல் எழுந்தார். மிச்ச இலைக் கட்டிலிருந்து ஓர் இலையை உருவினார். தன் இலைக்கும் பழனாத்தாள் இலைக்கும் நடுவில் இடம் பண்ணி, அதை விரித்துத் தண்ணீர் தெளித்தார். தண்டபாணி சாம்பார் வாளியை எடுக்கப் பாதியில் எழுந்து நின்றார்.

"உக்காருங்க மாஸ்டர்," என்றார் குரு. "மிச்சம் அறுபத்தொண்ணுன்னு எழுதுங்க."